பின்வரிசையில் நின்றவர்: மாரியோ பௌசாவின் இசைவாழ்வு



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவு விழாவில் அயல்நாட்டு இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழக்கூடும். பேசப்படுபவர் கியூபாவில் பிறந்து, நியூயார்க் நகரில் வாழ்ந்து, 1993இல் மறைந்தவர். தமிழ் மண்ணோடு அவருக்குத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் இரண்டு மரபுகள் ஒன்றாகச் சேரும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்னும் வினாவுக்கு ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் தம் தொழிலால் விடைசொல்லியவர் அவர். மரபா, புதுமையா என்று வழக்காடிப் பழகிய கவிஞர்கள் நிறைந்த அவையில் அந்த வினா அயலானது அன்று.

அவர் பெயர் மாரியோ பௌசா. கிளாரினெட்டும் சாக்சபோனும் பயின்றவர். பின்னர் ட்ரம்பெட் கலைஞராக அறியப்பெற்றவர். பெரிய வாத்தியக் குழுக்களின் இசைக்கோப்பாளராகவும் இயக்குநராகவும் விளங்கியவர். இன்று 'இலத்தீன் ஜாஸ்' என்று உலகெங்கும் வழங்கும் இசைவகைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர். அவரோ அப்பெயரை விரும்பியதில்லை. 'ஆப்பிரிக்க-கியூப ஜாஸ்' என்றே சொல்ல வேண்டும் என்று இறுதிவரை வற்புறுத்தினார். அவ்வற்புறுத்தலுக்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

இசைக்கோப்பாளரின் பணி யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். திரையிசை உலகில் 'அரேஞ்சர்' என்று வழங்கப்படும் பணியே அது. மெட்டு ஒருவருடையது, பாடுபவர் வேறொருவர். அம்மெட்டில் எவ்விடத்தில் சாக்சபோன்கள் நுழைய வேண்டும், எவ்விடத்தில் ட்ரம்பெட்டுகள் மறுமொழி கூற வேண்டும், எப்போது ஊதுகருவிகள் யாவும் அடங்கித் தோற்கருவிகள் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று வகுத்துத் தருபவரே இசைக்கோப்பாளர். கேட்போர் செவியில் விழுவது அவருடைய உழைப்பு. ஆனால் அவர்கள் நாவில் தங்குவது பாடகரின் பெயர். பௌசாவின் வாழ்க்கைக்கும் இவ்விதி பொருந்தும்.

ஹவானாவிலிருந்து ஹார்லெம் வரை

பௌசா 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கியூபாவின் தலைநகராகிய ஹவானாவில் பிறந்தார். ஞானப்பெற்றோரின் இல்லத்தில் வளர்ந்தார். ஞானத்தந்தை இசை கற்பிப்பவர். சிறுவனின் செவித்திறனைக் கண்டு முறையான பயிற்சிக்கு வழிசெய்தார். ஐரோப்பியச் செவ்விசையில் தேர்ந்த பௌசா, இளம்பருவத்திலேயே ஹவானா பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

ஆயினும் அவர் கறுப்பினத்தவர். அக்கால ஹவானாவில் உயர்குடியினரின் மன்றங்களும் அரங்குகளும் கறுப்பினக் கலைஞர்க்கு எளிதில் கதவு திறக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழிவழியாகக் காத்துவந்த தோற்கருவிகளும் தாளங்களும் அம்மன்றங்களில் தாழ்வாகவே மதிக்கப்பட்டன. நாட்டின் இசைக்கு உயிராக இருந்தது எதுவோ, அதுவே நாட்டின் மதிப்புக்கு ஒவ்வாததாகக் கருதப்பட்டது.

1926இல் பியானோக் கலைஞர் அந்தோனியோ மரியா ரொமேயுவின் குழுவினர் இசைத்தட்டுப் பதிவுக்காக நியூயார்க் சென்றனர். பதினைந்து வயதுப் பௌசா கிளாரினெட் வாசிப்பவராக உடன் சென்றார். கறுப்பின மக்கள் தமக்கெனத் திரையரங்குகளும் நடன மண்டபங்களும் வாத்தியக் குழுக்களும் அமைத்துக்கொண்டு வாழ்ந்த ஹார்லெம் பகுதியை அங்கு அவர் கண்டார். பால் வொயிட்மனின் பெரிய வாத்தியக் குழுவில் சாக்சபோன் ஒலித்த விதமும் அவரைக் கவர்ந்தது. கத்ரி கோபால்நாத்தின் கையில் தமிழ்நாட்டு மேடைகள் கேட்டுப் பழகிய அதே சாக்சபோன்தான். ஹவானா திரும்பியதும் அக்கருவியைப் பயிலத் தொடங்கினார். நியூயார்க்கே தம் இடம் என்று முடிவுசெய்தார்.

1930இல் அவர் கப்பலேறினார். நியூயார்க்கில் பாடகர் அந்தோனியோ மச்சீனின் நால்வர் குழுவுக்கு ட்ரம்பெட் வாசிப்பவர் தேவைப்பட்டார். கியூப நடையறிந்த ட்ரம்பெட் கலைஞர் அந்நகரில் கிடைப்பது அரிது. தமக்கு ஒரு கருவி கிடைத்தால் தாமே வாசிப்பதாகப் பௌசா கூறினார் என்றும், சில வாரங்களிலேயே ட்ரம்பெட்டில் தேறிப் பதிவில் கலந்துகொண்டார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் குறிப்பிடுவர். அதன்பின் அக்கருவியே அவருடைய முதற்கருவியாயிற்று.

மற்றொரு மொழியைக் கற்றல்

1933இல் பௌசா, டிரம் கலைஞர் சிக் வெப்பின் குழுவில் இணைந்தார். ஹார்லெமின் சவாய் நடன மண்டபத்தில் அரசோச்சிய குழு அது. முதுகெலும்பு நோயால் வளைந்த சிற்றுருவினரான வெப், தாளத்தில் ஈடிணையற்றவர். விரைவில் பௌசாவை அவர் தம் குழுவின் இசை இயக்குநராக்கினார். 1935இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் இளம்பெண் அக்குழுவில் பாடகியாகச் சேர்ந்தபோது பௌசா அங்கிருந்தார்.

செவ்விசை பயின்ற ஒருவருக்கு இசைக்குறிப்பைப் படிப்பது எளிது. ஆனால் ஜாஸை ஏட்டில் எழுதியவாறே வாசித்தால் அது ஜாஸ் ஆகாது. ஒரு தாளக்கூறு இரண்டாகப் பிரியுமிடத்தில் முதற்பகுதி சற்று நீண்டும், அடுத்தது சற்றுக் குறுகியும் ஒலிக்க வேண்டும். அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழ வேண்டும். எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள இவ்விடைவெளியைத் தமக்குக் கற்பித்தவர் வெப்பே என்று பௌசா பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பிறமொழியை இலக்கணநூலில் மட்டும் கற்றவர்க்கும் அம்மொழி பேசுவோரிடையே வாழ்ந்து கற்றவர்க்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. பௌசா ஹார்லெமில் வாழ்ந்து கற்றார்.

பின்னர்ப் புகழ்மிக்க கேப் கேலோவேயின் குழுவில் சேர்ந்தார். அங்கேதான் 1939இல் டிஸ்ஸி கிலெஸ்பி என்னும் இளம் ட்ரம்பெட் கலைஞரும் வந்து சேர்ந்தார். ஓரிரவு தமக்கு உடல்நலமில்லை என்று கூறித் தம் இடத்தில் கிலெஸ்பியை வாசிக்கச் செய்து, அவர் திறமையைக் கேலோவே அறியும்படி பௌசாவே வழிசெய்தார் என்பர். அவ்விருவரும் அருகருகே அமர்ந்து வாசித்த நாள்களில் கியூபத் தாளங்களைப் பற்றிப் பௌசா சொல்லச் சொல்லக் கிலெஸ்பி கேட்டுக்கொண்டார். அவ்வுரையாடலின் பயன் சில ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

பெயரில் ஓர் அறைகூவல்

பௌசாவின் மனைவி எஸ்தெலாவின் உடன்பிறந்தவர் ஃபிராங்க் கிரில்லோ. 'மச்சீட்டோ' என்னும் பெயரால் புகழ்பெற்ற பாடகர் அவர். ஹவானாவில் இளமைதொட்டே பௌசாவுக்கு நண்பர். அவர் 1937இல் நியூயார்க் வந்தார். 1940இல் அவர் பெயரால் ஒரு குழு உருவாயிற்று. கேலோவேயை விட்டு விலகிய பௌசா அதன் இசை இயக்குநரானார். அக்குழுவின் பெயர் 'மச்சீட்டோவும் அவருடைய ஆப்பிரிக்க-கியூபர்களும்' என்பது.

கியூபாவின் மேன்மக்கள் தம் இசையில் ஆப்பிரிக்காவின் பங்கை மறைக்க விரும்பிய காலம் அது. நியூயார்க்கின் உணவு விடுதிகளில் கியூப இசை, தென்னாட்டுக் கேளிக்கையாக இனிப்புச் சேர்த்துப் பரிமாறப்பட்டு வந்தது. அச்சூழலில் 'ஆப்பிரிக்க' என்னும் சொல்லைக் குழுவின் பெயரிலேயே பொறித்தது துணிவான செயல். 'இலத்தீன்' என்னும் பொதுச்சொல்லைப் பௌசா பின்னாளில் ஏற்க மறுத்ததற்கும் காரணம் இதுவே. அச்சொல்லில் ஆப்பிரிக்கா இல்லை, கியூபாவும் இல்லை.

கிளாவே என்னும் யாப்பு

இக்குழுவில் பௌசா செய்தது என்ன? ஒருபுறம் ஹார்லெமின் பெரிய வாத்தியக் குழுவுக்குரிய சாக்சபோன் வரிசையும் ட்ரம்பெட் வரிசையும்; மறுபுறம் காங்கா, பாங்கோ, டிம்பாலே என்னும் கியூபத் தோற்கருவிகள். இவற்றை ஒரே மேடையில் நிறுத்துவது யார்க்கும் இயலும். ஒரே இசையாக்குவதே அரிது. அதற்குத் தடையாக இருந்ததும், பின்னர்த் துணையாக நின்றதும் 'கிளாவே' என்னும் தாள ஒழுங்கு.

இரண்டு சிறு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ஐந்து தட்டுகளே கிளாவே. ஒரு சுற்றைப் பதினாறு சம அலகுகளாகப் பகுத்தால், அதன் பெருவழக்கான வடிவில் தட்டுகள் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும். இடைவெளிகள் முறையே 3, 3, 4, 2, 4 அலகுகள். முற்பாதியில் மூன்று தட்டுகள், பிற்பாதியில் இரண்டு. முற்பாதி இழுத்துப் பிடிக்கும், பிற்பாதி விடுவிக்கும். சில பாடல்களில் இரண்டு முதலிலும் மூன்று பின்னருமாக அமைவதுண்டு. எவ்வாறு தொடங்கினாலும், பாடல் முடியும்வரை அவ்வொழுங்கு மாறக் கூடாது. கட்டைகள் ஒலிக்காத இடத்திலும் வாசிப்போர் அனைவர் உள்ளத்திலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாடகரின் சொல்லும், பியானோவின் தொடரும், ட்ரம்பெட்டின் அழுத்தமும் அதனோடு ஒத்துச் செல்ல வேண்டும். ஒவ்வாது போனால் 'குறுக்கிட்டது' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் அப்பிழையைக் குறிப்பர். யாப்பறிந்தோர்க்குத் தளைதட்டுதல் என்றால் எளிதில் விளங்கும்.

அமெரிக்க இசைக்கோப்பாளர்கள் இவ்வொழுங்கை அறியாதவர்கள். ஒரு பகுதியை ஒற்றைப்படை எண்ணிக்கையிலான அளவுகளில் முடித்தால், அடுத்த பகுதி கிளாவேயின் மறுபாதியில் தொடங்கிவிடும். அது தெரிந்து செய்தால் அழகு; தெரியாமல் செய்தால் பிழை. மேலும், ஜாஸ் நடையில் நீண்டும் குறுகியும் ஒலிக்கும் இரட்டைகள் கியூப நடையில் சமமாக ஒலிக்க வேண்டும். ஒன்றில் பழகிய விரல்களும் மூச்சும் மற்றொன்றுக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை.

பௌசாவின் தீர்வு தெளிவானது. கேலோவே குழுவில் தம்மோடிருந்த ஜான் பார்ட்டியைக் கொண்டு ஊதுகருவிகளுக்கு ஹார்லெம் முறையில் இசைக்கோப்புகள் எழுதச் செய்தார். பின்னர் வந்த பியானோக் கலைஞர் ரெனே ஹெர்னாண்டெஸ் அப்பணியைத் திறம்பட வளர்த்தார். ஒலிச்சேர்க்கையில் ஜாஸுக்கு முழு உரிமை தரப்பட்டது. ஆனால் தாளத்தில் கியூபா ஓரலகும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலே எது வந்தாலும் கீழே கிளாவே நிலைபெயராமல் நின்றது.

இம்முறையில் இவருக்கு முன்னோர் இல்லாமலில்லை. டபிள்யூ. சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட 'செயின்ட் லூயி புளூஸ்' பாடலிலேயே கியூபாவின் ஹபனேரா நடை உண்டு. ட்யூக் எலிங்டன் குழுவிலிருந்த போர்ட்டோ ரிக்கோக் கலைஞர் ஹுவான் டிஸோலின் 'கேரவன்' 1936இல் பதிவாயிற்று. எனவே ஜாஸில் கரீபிய மணத்தை முதலில் சேர்த்தவர் பௌசா என்பது பொருந்தாது. முன்னோர் மணத்தைச் சேர்த்தனர். பௌசா அடித்தளத்தை மாற்றினார். பிறமொழிச் சொற்களைப் பாட்டில் தூவுவதற்கும், பிறமொழி யாப்பிலேயே நின்று பாடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

'டங்கா' பிறந்த கதை

1943ஆம் ஆண்டு மே மாத இறுதியில், 'லா காங்கா' என்னும் விடுதியில் குழுவினர் வாசித்துக் கொண்டிருந்தனர். இரண்டு பாடல்களுக்கு இடைப்பட்ட ஓய்வில் பியானோக் கலைஞர் லூயிஸ் வரோனா ஒரு தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பாஸ் கலைஞர் ஹூலியோ அந்தீனோ அதனோடு இணைந்தார். அதைக் கேட்ட பௌசா மறுநாள் ஒத்திகையில் அதையே அடிப்படையாக்கினார். ஏட்டில் எழுதாமல், ஒவ்வொரு வரிசையினர்க்கும் உரிய தொடரை வாயாற் பாடிக்காட்டினார் என்பர். சாக்சபோன்கள் ஒரு தொடரைப் பிடிக்க, அதன்மேல் ட்ரம்பெட்டுகள் வேறொரு தொடரை அடுக்க, அவற்றின்மேல் ஒருவர் தனித்துக் கற்பனை செய்து வாசித்தார். இவ்வாறு பிறந்தது 'டங்கா'. ஆப்பிரிக்க-கியூப ஜாஸின் முதற்படைப்பு என்று பலரும் கருதுவது இதனையே.

அவ்வாண்டில் மச்சீட்டோ படைப்பணிக்கு அழைக்கப்பட்டதால், அவருடைய வளர்ப்புச் சகோதரி கிராசியேலா ஹவானாவிலிருந்து வந்து குழுவின் பாடகியானார். மச்சீட்டோ திரும்பிய பின்னரும் அவர் குழுவில் நிலைத்தார்.

1947இல் கிலெஸ்பி தம் பெரிய வாத்தியக் குழுவுக்குக் காங்கா வாசிப்பவர் ஒருவரை வேண்டிப் பௌசாவை நாடினார். பௌசா அறிமுகப்படுத்தியவர் ஹவானாவின் சானோ போசோ. அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் கார்னகி அரங்கில் போசோ கிலெஸ்பியோடு வாசித்தார். ஆண்டிறுதியில் 'மந்தேக்கா' பதிவாயிற்று. இசையுலகமே அதைக் கேட்டு வியந்தது. போசோ அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'மந்தேக்கா'வில் கியூபப் பகுதி முடிந்ததும் ஜாஸ் நடையில் அமைந்த இடைப்பகுதி வரும். பின் மீண்டும் கியூபப் பகுதி வரும். இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'டங்கா'விலோ ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இரண்டும் சிறந்த படைப்புகளே. எனினும் சேர்க்கை என்பதன் முழுப்பொருள் பின்னதில்தான் விளங்குகிறது.

1950 டிசம்பரில் சீக்கோ ஓஃபாரில் எழுதிய 'ஆப்பிரிக்க-கியூப ஜாஸ் தொகுப்பு' என்னும் நீண்ட படைப்பை மச்சீட்டோ குழு பதிவுசெய்தது. சாக்சபோன் மேதை சார்லி பார்க்கர் அதில் வாசித்தார். கிளாவேயை முறையாகப் பயிலாத பார்க்கர் அத்தாளத்தின்மேல் தடையின்றி மிதந்து செல்வதை இன்றும் இசைத்தட்டில் கேட்கலாம். அடித்தளம் உறுதியாக இருந்தமையால்தான் மேலே பறப்பவர்க்கு அத்தனை உரிமை வாய்த்தது.

1950களில் நியூயார்க்கின் பல்லேடியம் நடன அரங்கில் மம்போ இசை கொடிகட்டிப் பறந்தது. மச்சீட்டோ, டிட்டோ புவெண்டே, டிட்டோ ரோட்ரிகெஸ் ஆகிய மூவர் குழுக்களே அங்கு முதன்மை பெற்றன. புவெண்டே இளமையில் மச்சீட்டோ குழுவில் வாசித்துப் பழகியவர். வெள்ளையர், கறுப்பர், யூதர், இத்தாலியர், போர்ட்டோ ரிக்கோக்காரர் அனைவரும் ஒரே தளத்தில் ஆடிய அரங்கு அது. நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிய மாநிலங்கள் பல இருந்த நாட்டில், ஒரு தாளம் அதைச் செய்தது.

பெயர் வந்த காலம்

இத்தனை சிறப்பிலும் விளம்பரப் பலகையில் இருந்த பெயர் மச்சீட்டோவினுடையது. பௌசா ட்ரம்பெட் வரிசையில் நின்றார். ஒத்திகையில் பிழை திருத்தினார். புதியவர்களைத் தேடிச் சேர்த்தார். அவர் வெளிப்படையாகக் குறைகூறியதாகத் தெரியவில்லை. குழு ஒழுங்காக வாசிப்பதே அவருக்கு முதன்மை. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1970களின் நடுவில், குழுவின் அளவு பற்றியும் போக்கு பற்றியும் எழுந்த கருத்து வேற்றுமையால் இருவரும் பிரிந்தனர். பெரிய வாத்தியக் குழுவைச் சிறிதாக்கப் பௌசா உடன்படவில்லை. பல்லேடியம் 1966இலேயே மூடப்பட்டிருந்தது. பெரிய குழுக்களைத் தாங்கும் பொருள்வளம் நகரத்தில் இல்லை. எனினும் அவர் தளரவில்லை. மச்சீட்டோ 1983இல் கிராமி விருது பெற்று, 1984இல் இலண்டனில் மறைந்தார்.

கிராசியேலாவோடு சேர்ந்து பௌசா சில இசைத்தட்டுகள் வெளியிட்டார். பெரும்பாலோர் அவரை மறந்திருந்தனர். 1991இல் அவருடைய எண்பதாம் பிறந்த நாளையொட்டி நியூயார்க்கின் சிம்ஃபனி ஸ்பேஸ் அரங்கில் நிகழ்ச்சி நடைபெற்றது. அதன்பின் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் முயற்சியால் மூன்று இசைத்தட்டுகள் அடுத்தடுத்து உருவாயின. முதலாவதன் பெயர் 'டங்கா'. அதில் ஓஃபாரில் அப்பழைய படைப்பைப் பல நடைகளில் விரித்து எழுதியிருந்தார். இரண்டாவதன் பெயர் 'என் காலம் இதுவே' என்று பொருள்படும். மூன்றாவதற்கு அவர் வாழ்ந்த வீட்டின் எண்ணும் தெருவின் பெயருமே பெயராயின. மூன்றிலும் முகப்பில் நின்ற பெயர் மாரியோ பௌசா.

அந்த மூன்றாவது இசைத்தட்டு கடைக்கு வரும்முன் 1993 ஜூலை 11ஆம் நாள் அவர் காலமானார். தம் பெயரால் ஓர் முழுப்பெருங்குழு உலகறிய ஒலித்ததை அவர் கேட்டது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே.

அவ்விசைத்தட்டுகளைக் கேட்போர்க்கு ஒன்று புலப்படும். எண்பது வயதுக் கலைஞர் ஒருவரின் பழம்பெருமையாக அவை ஒலிக்கவில்லை. 1943இல் தொடங்கிய தாளம் ஐம்பதாண்டுகள் கழித்தும் இடம்பெயராமல் நிற்கிறது. அதன்மேல் ஏறிய ஒலிச்சேர்க்கைகள் புதியனவாக இருக்கின்றன. பழையது எது, புதியது எது என்று பிரித்துக் காட்டுதல் அங்கு அரிது.

மரபை அறியாது மீறுவோரும், மரபுக்கு அஞ்சிப் புதியதைத் தொடாதோரும் எல்லாக் கலைகளிலும் உளர். இருவழியும் எளியவை. பௌசா சென்ற வழிக்கு இரண்டு மரபுகளிலும் தனித்தனியே தேர்ச்சி வேண்டும். தாம் பின்வரிசையில் நிற்கவும் மனம் ஒப்ப வேண்டும். ஓர் இலக்கிய வட்டத்தைப் பத்தாண்டுகள் நடத்திச் செல்வதிலும் மேடையில் தோன்றாத இத்தகைய உழைப்பு உண்டு என்பதை இவ்வவையோர் அறிவர். கூட்டத்துக்கு இடம் தேடியோரும், அழைப்பிதழ் எழுதியோரும், பிறர் கவிதைகளைப் படியெடுத்துத் திருத்தியோரும் இம்மலரின் பக்கங்களில் பெயரின்றி இருக்கின்றனர். அவர்களுக்கு இவ்வுரை உரியதாகுக.